செதுக்கு வேலைப்பாடுள்ள கோல்ட் சுழல் கைத்துப்பாக்கிகள்

செதுக்கு வேலைப்பாடுள்ள கோல்ட் சுழல் கைத்துப்பாக்கிகள் என்பன, ஐக்கிய அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ஆர்ட்ஃபர்ட் நகரைச் சேர்ந்த கோல்ட் நிறுவனம் உருவாக்கிய ரிவால்வர்களுள், உலோகப் பரப்பில் கொடிச்சுருள்கள், விலங்குகள், மனித உருவங்கள் முதலியன கையால் செதுக்கப்பட்டவை ஆகும். இவற்றுள் பல பரிசுப் பொருளாக வழங்கப்பட்டவை. இன்று அருங்காட்சியகங்களும் தனியாரும் இவற்றைச் சேகரித்து வருகின்றனர். இவற்றின் மதிப்பு அழகை மட்டும் பொறுத்ததன்று. வேலைப்பாடு எப்போது, யாரால் செய்யப்பட்டது என்பதை நிறுவ முடிகின்றதா என்பதையே அது பெரிதும் சார்ந்துள்ளது.

வரலாறு

சாமுவேல் கோல்ட் தனது சுழல் உருளைப் பொறிமுறைக்கு 1836 பெப்ரவரி 25 அன்று அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நியூ ஜெர்சியில் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1842இல் மூடப்பட்டது. 1847க்குப் பின் ஆர்ட்ஃபர்டில் தொழில் மீண்டும் வளர்ந்தது. இயந்திரங்களால் ஒரே அளவில் உறுப்புகளைச் செய்வது இத்தொழிற்சாலையின் சிறப்பு. எனவே ஒரு துப்பாக்கியை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்திக் காட்ட அலங்காரமே வழியாயிற்று.

கோல்ட் இதனை வணிக உத்தியாகப் பயன்படுத்தினார். படைத்தளபதிகளுக்கும் அரசர்களுக்கும் அலங்கரித்த துப்பாக்கிகளைப் பரிசளித்து, அவர்களது படைகளுக்கான கொள்முதலை எதிர்பார்த்தார். கிரீமியப் போர்க் காலத்தில் ஓட்டோமான் சுல்தான் அப்துல்மெசித்துக்கும், அவரை எதிர்த்துப் போரிட்ட உருசியப் பேரரசர் முதலாம் நிக்கலாசுக்கும் பொன் பதித்த துப்பாக்கிகள் சென்றன. கோல்ட் எந்தப் பக்கமும் சாயவில்லை என்றே கூறவேண்டும்! இவ்வகையைச் சேர்ந்த, சியார்ச் வாசிங்டனின் உருவம் பொன்னில் பதிக்கப்பட்ட டிராகூன் துப்பாக்கி ஒன்று (ஏறத்தாழ 1853) நியூ யார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

உருளைக் காட்சிகள்

1851 நேவி வகையின் உருளையில் கப்பல்கள் போரிடும் காட்சி ஒன்று காணப்படும். 1843 மே 16 அன்று டெக்சாசு கடற்படைக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே நடந்த போரை அது குறிக்கின்றது. இதனைப் பார்த்து, தம்மிடம் இருப்பது அரிய செதுக்குத் துப்பாக்கி என்று புதியவர்கள் எண்ணிவிடுவதுண்டு. இது கைவேலை அன்று. வங்கித்தாள் செதுக்குநரான வாட்டர்மன் ஆர்ம்சுபி எஃகு அச்சு ஒன்றைச் செய்தார். உருளையை அந்த அச்சுடன் அழுத்தி உருட்டியபோது படம் பதிந்தது. எனவே அவ்வகைத் துப்பாக்கிகள் எல்லாவற்றிலும் இதே காட்சி இருக்கும். பணத்தாளில் போலியைத் தடுக்கும் நுணுக்க வேலை, துப்பாக்கியிலும் போலியைத் தடுக்க உதவியது.

செதுக்குநர்கள்

கைவேலை செய்தோர் பலரும் செருமனியிலிருந்து குடியேறியவர்கள். பிரசியாவில் பிறந்த குசுத்தாவ் யங் 1850களிலும் 1860களிலும் கோல்ட் நிறுவனத்துக்காகப் பணியாற்றி, 1869இல் சுமித் அண்டு வெசன் நிறுவனத்துக்குச் சென்றார். அவருக்குப் பின் கூனோ எல்ஃபிரிக்ட் 1871 முதல் 1921 வரை, அரை நூற்றாண்டு காலம் கோல்ட் நிறுவனத்தின் தலைமைச் செதுக்குநராக விளங்கினார். பெரும்பாலான துப்பாக்கிகளில் இவர்களது கையொப்பம் இல்லை. சுருளின் வளைவு, பின்னணிப் புள்ளிகளின் நெருக்கம் ஆகியவற்றைக் கொண்டே எது யாருடையது என வல்லுநர்கள் ஊகிக்கின்றனர்.

நியூ யார்க்கில் பணியாற்றிய லூயி டானியல் நிம்சுக்கே (1832–1904) இதில் விதிவிலக்கு. தாம் செதுக்கியவற்றின் மீது மையிட்டுத் தாளில் படியெடுத்து ஓர் ஏட்டில் ஒட்டிவைத்தார். அவ்வேடு 1965இல் நூலாக வெளியானது. அதன்பின் பல துப்பாக்கிகளை அவருடையவை என உறுதிசெய்ய முடிந்தது. ஒரு தொழிலாளி தமக்காக வைத்துக்கொண்ட குறிப்பேடு, இத்துறையின் மிக நம்பகமான சான்றுகளுள் ஒன்றாகியுள்ளது.

நுட்பமும் உண்மை காணலும்

சிறு உளியைச் சுத்தியலால் தட்டியோ உள்ளங்கையால் தள்ளியோ உலோகம் சீவி எடுக்கப்படும். பொன் பதிக்க, பள்ளத்தின் அடி மேல்வாயை விட அகலமாக இருக்கும்படி வெட்டி, பொன்கம்பியை உள்ளே அடித்து இறுக்குவர். வேலை முடிந்த பின்னரே துப்பாக்கியின் சட்டகத்தை எலும்புக்கரியுடன் சூடாக்கி நீரில் அமிழ்த்துவர். இதனால் புறப்பரப்பு கடினமாகி, நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்த திட்டுகள் தோன்றும்.

இந்த வரிசைமுறை சேகரிப்பாளருக்குப் பயன்படுகின்றது. தொழிற்சாலையில் செதுக்கியதாயின் வண்ணம் வெட்டுகளின் உள்ளேயும் படிந்திருக்கும். பிற்காலத்தில் செதுக்கியதாயின் வெட்டு வண்ணத்தை அறுத்துச் செல்லும். எளிய பழைய துப்பாக்கியை வாங்கிச் செதுக்கி, பின்னர் முழுவதும் மெருகேற்றி விற்கும் ஏமாற்று உண்டு. எனவே பளபளப்பாகத் தேய்த்த துப்பாக்கியை விட மங்கிப்போன துப்பாக்கியே நம்பிக்கைக்கு உரியது. துணியும் மெருகுப்பொடியும் கொண்டு நல்லெண்ணத்துடன் துடைத்தவர்களாலேயே பல சான்றுகள் அழிந்துள்ளன.

1873இல் வெளிவந்த சிங்கிள் ஆக்சன் ஆர்மி வகைக்குக் கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு, பழைய அனுப்புகைப் பேரேட்டின்படி கடிதம் வழங்குகின்றது. அனுப்பிய நாள், பெற்றவர், மேற்பூச்சு, செதுக்கு வேலை இருந்ததா என்பன அதில் இருக்கும். முந்தைய வகைகளுக்குக் கிடைக்கும் பதிவுகள் குறைவு. 1864இல் தொழிற்சாலையின் பெரும்பகுதி தீக்கிரையானது.

குறிப்பிடத்தக்கவை

தளபதி சியார்ச் பாட்டன் 1916இல் எல் பாசோ நகரில் வாங்கிய சிங்கிள் ஆக்சன் ஆர்மி, எல்ஃபிரிக்டின் செதுக்கு வேலையும் தந்தக் கைப்பிடியும் கொண்டது. கைப்பிடி முத்துச்சிப்பியால் ஆனது என்பது பரவலான தவறான கருத்து.

கோல்ட் அல்லாத துப்பாக்கிகளுள், யுலிசீஸ் கிராண்டுக்குப் பரிசளித்த செதுக்கிய இரெமிங்டன் இணை 2022 மே மாதத்தில் 51.7 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. எனினும் 2021 ஆகத்தில் 60.3 இலட்சம் டாலருக்கு விற்ற கோல்ட் துப்பாக்கியில் செதுக்கு வேலையே இல்லை. பில்லி த கிட் என்பவனைச் சுட பாட் காரெட் பயன்படுத்தியது அது.

சட்டமும் நகல்களும்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி 1898இலோ அதற்கு முன்போ செய்தவை பழம்பொருட்கள். புதிய துப்பாக்கிகளுக்கான விதிகள் பல அவற்றுக்குப் பொருந்தா. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். தந்தக் கைப்பிடிகளே இன்று கூடுதல் சிக்கல். ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தை அந்நாடு 2016இல் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. நூறாண்டு கடந்தவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் வயதை விற்பவரே நிறுவவேண்டும்.

இத்தாலியில், பிரேசியாவுக்கு அருகிலுள்ள உபெர்த்தி, பியெத்தா போன்ற நிறுவனங்கள் பழைய வகைகளின் நகல்களைச் செய்கின்றன. நகல்களில் லேசர்க் கதிரால் பொறித்த சுருள்களும் காணப்படுகின்றன. உருப்பெருக்கியால் பார்த்தால் இவற்றின் பள்ளங்கள் ஒரே ஆழத்தில் இருப்பதையும், உளி திரும்பும் இடத்தில் கோடு தடித்து மெலிவது இல்லாததையும் காணலாம்.