அரைவயிற்றுக் கூலியை எதிர்த்த மருத்துவர்

திருநாவுக்கரசரின் சூலை நோய் தீர்ந்த தலமெனப் போற்றப்படுவது நமது திருவதிகை. சூலையினும் கொடிய வயிற்றுநோய் ஒன்று உண்டு, அதுவே பசி. அப்பசிக்காக ஏட்டையும் எண்ணையும் கருவியாகக் கொண்டு வாதாடிய மருத்துவர் ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

பிரான்சு நாட்டு மருத்துவர் வில்லெர்மே, நெசவாலைத் தொழிலாளரின் நலிவை ஆராய்ந்து 1840-இல் நூல் வெளியிட்டார். மறு ஆண்டே அங்குக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. அவரையொத்த பணியைச் சென்னை மாகாணத்தில் ஆற்றியவர் டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். இம்மாகாண மக்களின் உணவையும் சிறைக் கைதிகளின் உணவையும் பற்றிய அறிக்கைகளை அவர் 1863-இலேயே தொகுத்தளித்தார். 1871-ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் அவரே. மாகாணச் சுகாதார ஆணையராகவும் விளங்கினார்.

1876-இல் பருவமழை பொய்த்தது. முதியோர் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லும் கொடும் பஞ்சம் மூண்டது. தானிய விலை ஏறிற்று, வேலை அற்றது. சேமிப்பும் நிலமும் இல்லாத கூலி மக்களே முதலில் வீழ்ந்தனர். நம் முன்னோர் பெரும்பாலோர் அந்நிலையினரே அன்றோ!

1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பிரபு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் சிறிது காசும் போதுமென விதித்தார். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதனினும் குறைவு.

கார்னிஷ் இதனை வன்மையாக மறுத்தார். உழைக்கும் கைதிக்குச் சிறையில் கிடைக்கும் உணவினும் இது குறைவென்று கணக்கோடு காட்டினார். மண் சுமப்பவனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமும், பருப்பும் காய்கறியும் வேண்டுமென்றார். அவரும் ஆங்கில அரசின் ஊழியரே. எனினும் மேலிடத்தின் சிக்கனத்திற்குத் தம் அறிவை விலைபேசவில்லை. 1877-இல் கூலி உயர்த்தப்பட்டது.

ஆயினும் அதற்குள் மாண்டவர் பலர். 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் மாகாண மக்கள்தொகை 1871-இல் இருந்ததினும் குறைந்திருந்தது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, பஞ்சக் கூலிகளின் கைகள் வெட்டியதே. கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் நிலைத்தது. மண் சுமந்தோரின் பெயர் எங்கும் இல்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பட்டினி கிடந்தோர் கூக்குரலிட்டனர், அது செவியேறவில்லை. கணக்கறிந்த ஒருவர் எழுதினார். அரசு விடையளிக்க வேண்டியதாயிற்று. அன்று நமக்காக எழுத அயலார் ஒருவர் வேண்டியிருந்தது. இனி நம் வயிற்றின் கணக்கை நாமே எழுதுவோம். நாம் கல்வி பயில்வது அதற்காகவே.