விலாவின் கீழ் ஒரு விரல்

1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலக் கப்பலொன்றின் தலைவரும் அவர்தம் மைந்தர் இறொபேட் நொக்ஸ் என்பாரும் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். உள்நாட்டிலே இருவரும் குளிர்காய்ச்சலால் வருந்தினர். மறுவருடம் தந்தையார் இறந்தார்.

திருகோணமலைப் பகுதியிற் குளமும் வயலும் சூழ்ந்த ஊர்களுக்கு மலேரியா புதிதன்று. முதலிற் குளிரும் நடுக்கமும், அடுத்து வெப்பம், ஈற்றில் வியர்வை என முறைவைத்து வருதலின் அதனை முறைக்காய்ச்சல் என்றனர். நெடுநாள் வருந்தியோரின் இடப்பக்க விலாவின் கீழே திரளும் தடிப்பைக் காய்ச்சற்கட்டி என வழங்கினர். அக்கட்டி, வீங்கிய மண்ணீரலே. நோய்க்கிருமி புகுந்த இரத்தவணுக்களை வடிகட்டும் வேலை மிகுதலால் அவ்வுறுப்புப் பருக்கின்றது.

இதனை அறிதற்குக் கருவி வேண்டியதில்லை. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, இடப்பக்க விலாவின் கீழ் விரல்களை மெல்ல அழுத்தி, மூச்சை ஆழ இழுக்கச் சொல்லுதல் வேண்டும். நலமுடையோரின் மண்ணீரல் பெரும்பாலும் கைக்கு அகப்படாது. வீங்கியதோ மூச்சுடன் இறங்கி விரல் நுனியைத் தொடும்.

1840களில் வடஇந்தியாவில் டெம்ஸ்டர் என்னும் வைத்தியர், யமுனைக் கால்வாயோரத்து மக்களின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தே காய்ச்சலின் பரப்பை அளந்தார். மலேரியாக் கிருமியை லவரன் கண்டது 1880இல். நுளம்பின் பங்கை ரோஸ் நிறுவியது 1897இல். ஆகவே, காரணம் தெரியுமுன்னரே கை அளவை தந்தது. பிற்காலத்தில் 2 முதல் 9 வயதுச் சிறுவரிடையே நூற்றுக்கு எத்தனை பேரின் மண்ணீரல் பருத்துள்ளது எனக் கணக்கிடுதல் முறையாயிற்று.

இவ்வளவையின் பொருளை 1934–35ஆம் ஆண்டுப் பெருங்கொள்ளை உணர்த்தியது. மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, நுளம்பு பெருகிற்று. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ஆயின், காய்ச்சற்கட்டி மலிந்த வறண்ட வலயத்தைவிடக் கேகாலை, குருநாகல் பகுதிகளே மிக வருந்தின. இடையறாது நோயுற்றவர் ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தனர். மண்ணீரல் பருக்காத ஊர்களில் அத்தற்காப்பு இல்லை. பருத்த மண்ணீரல் நோயின் அடையாளமாதலோடு, சிறுவயதிலேயே பல உயிர்களைக் கொடுத்து ஊர் வாங்கிய காப்பின் அடையாளமுமாம்.

எனினும் கை மட்டும் முடிவு கூறாது. நெருப்புக்காய்ச்சல் முதலியவற்றிலும் மண்ணீரல் வீங்கும். புதிதாய் நோயுற்றவரிடம் வீங்காமலும் இருக்கலாம். இரத்தப் பூச்சை நுணுக்குக்காட்டியில் நோக்கியே உறுதி செய்தல் வேண்டும்.

1963இல் இலங்கையில் 17 பேருக்கே மலேரியா கண்டது. காவல் தளர்ந்தது, 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மீண்டும் முயன்று, 2012 அக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்று அற்ற நிலை எய்தி, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றை நாடு பெற்றது. ஆயினும் நுளம்பு நீங்கவில்லை. பிறநாடு சென்று மீள்வோரும் பலர். இன்றைய இளம் வைத்தியருட் பலர் காய்ச்சற்கட்டியைத் தொட்டறியார். காய்ச்சலுடன் வருபவரை எங்குச் சென்று வந்தீர் என வினவுதலையும், அவர் விலாவின் கீழே கைவைத்துப் பார்த்தலையும் மறவாதிருத்தலே 1963 கற்பித்த பாடமாகும்.