பதினொரு கண்களை வரைந்த கை

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று மெல்லிய சிறுநூல்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இயற்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மாயக்கதை விளையாட்டின் முதற்பதிப்பு அது. அச்சிட்டவை 1000 பிரதிகளே. முதலீடு மிகச் சிறிது. தேர்ந்த ஓவியரை அமர்த்த வழியில்லாத நிலையில், கிரெக் பெல் என்னும் இளைஞர் கறுப்பு மையால் பல படங்களை வரைந்து தந்தார்.

அவற்றுட் சில, மார்வெல் சித்திரக்கதைக் காட்சிகளைப் பார்த்து வரையப்பட்டவை என்பதைப் பின்வந்தோர் ஒப்பிட்டுக் காட்டியுள்ளனர். மூல ஓவியரின் பெயர் சொல்லப்படாதது குறையே, மறுப்பதற்கில்லை. ஆயினும் கதை அவ்வளவில் முடியவில்லை. டெர்ரி குண்ட்ஸ் கற்பனையில் பிறந்தது ‘பிஹோல்டர்’ என்னும் பூதம்: மிதக்கும் உருண்டை உடல், நடுவே ஒரு பெருங்கண், மேலே காம்புகளில் பத்துச் சிறுகண்கள். 1975-இல் வெளிவந்த ‘கிரேஹாக்’ துணைநூலின் அட்டையில் அதற்கு உருவம் தந்தது அதே பெல்லின் கைதான். 1991-இல் ஒரு கணினி விளையாட்டே ‘ஐ ஆஃப் த பிஹோல்டர்’ என்று அப்பூதத்தின் பெயரைத் தாங்கி வந்தது.

தாளிலிருந்து திரைக்குச் சென்ற கோடுகள் இன்று திரையிலிருந்து தாளுக்குத் திரும்புகின்றன. விளையாட்டுகளைப் பார்த்து மையால் வரைந்து பழகும் இளையோரை ‘வெறும் நகல்’ என்று ஒதுக்குமுன், அந்த அட்டையை ஒருமுறை நினைவுகூர்தல் நன்று. பார்த்து வரைந்த கைதான் பின்னர் எவரும் பாராததையும் வரைந்தது.