லாகூரில் பிறந்த பிரிவு

குமரி மாவட்டத்து அருமனையிலோ மண்டைக்காட்டிலோ மதமேடையில் பேச்சு எல்லை தாண்டினால் எஃப்.ஐ.ஆரில் ஏறும் எண்கள் இரண்டு: இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, 295ஏ. 2024 ஜூலையிலிருந்து, புதிய சட்டத்தில், அவை 196, 299.

மூத்தது 153ஏ. மக்கள் பிரிவுகளுக்குள் பகை மூட்டுவதைத் தடுக்க 1898இல் வந்தது. இளையது பிறக்கக் காரணம் லாகூரில் 1924இல் வெளியான ஒரு சிறுநூல். நபிகள் நாயகத்தின் இல்லற வாழ்வை எள்ளிய அந்நூலில் எழுதியவர் பெயர் இல்லை. வெளியிட்டவர் ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த ராஜ்பால். 153ஏயின் கீழ் கீழ்க்கோர்ட்டு அவரைத் தண்டித்தது. 1927இல் உயர் நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் விடுதலை செய்துவிட்டார். நூலின் தொனி அவருக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் மறைந்த சமயத் தலைவரைப் பழிப்பதை அந்தப் பிரிவுக்குள் அடக்க முடியாது என்றார். பஞ்சாப் கொதித்தது. அதே ஆண்டு மத்திய சட்டசபை, சமயத்தை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கும் 295ஏயை நிறைவேற்றியது. நேர்மையான சமய விமர்சனம் இதில் சிக்கிவிடக் கூடாதே என்று அங்கே கவலைப்பட்டவர்களில் ஜின்னாவும் ஒருவர். அதனால்தான் ‘வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்’ செய்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. இன்றும் வக்கீல்கள் மல்லுக்கட்டுவது அதில்தான். ராஜ்பால் 1929இல் குத்திக் கொல்லப்பட்டார்.

அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் இங்கே வந்தது 1951இல். 1982 மார்ச்சில் மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் கொடையின்போது கலவரம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். பிரிவுகள் ஏட்டில் இருந்தும் என்ன பயன்? பிறகு விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையம் ஆர்.எஸ்.எஸ். பிரசாரத்தின் பங்கை வெளிப்படையாகவே சொன்னது. ஆணையத்தால் சொல்லத்தான் முடியும், தண்டிக்க முடியாது.

2021இல் அருமனையில் பேசிய பாதிரியார் ஜார்ஜ் பொன்னையா கைதானார். மறு ஆண்டு உயர் நீதிமன்றம் வேறு சில பிரிவுகளை நீக்கிவிட்டு 153ஏ, 295ஏ இரண்டையும் விட்டுவைத்தது. 2023 ஜூலையில், பாதிரியார் ஒருவரைக் கேலி செய்யும் வீடியோவைப் பகிர்ந்ததாக இந்து முன்னணியின் கனல் கண்ணனை நாகர்கோவில் சைபர் கிரைம் போலீஸ் கைது செய்தது. அதற்குச் சில மாதம் முன்புதான், பேசியவர் எந்த மதமானாலும் புகாருக்குக் காத்திராமல் வழக்குப் போடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது.

வழக்குப் போட போலீஸ் போதும். 153ஏ, 295ஏ வழக்கைக் கோர்ட்டு விசாரணைக்கு எடுக்க அரசின் அனுமதி வேண்டும். என் பார்வையில் முடிச்சு விழுவது அங்கேதான்: யாருடைய பேச்சு கூண்டேறும், யாருடைய கோப்பு கிடப்பில் கிடக்கும் என்பது கோட்டையில் இருப்பவரின் கையெழுத்தைப் பொறுத்தது. எண்களை மாற்றிய புதிய சட்டங்கள் இந்த விதியில் கை வைக்கவில்லை.