முத்துக்குளிப்பு முகாம்

முத்துக்குளிப்பு முகாம் என்பது மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி எடுக்கும் காலத்தில் கடற்கரை மணலில் சில வாரங்களுக்கு மட்டும் அமைக்கப்பட்ட தற்காலிகக் குடியிருப்பு ஆகும். முத்துக்குளிப்பைச் சலாபம் என்றும் அழைப்பர். தமிழ்நாட்டுக் கரையில் தூத்துக்குடியை அடுத்தும், இலங்கைக் கரையில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களிலும் இம்முகாம்கள் அமைந்தன. குளியாளிகள், படகினர், வணிகர், அரசு அலுவலர், சிறு வியாபாரிகள் எனப் பலதரப்பட்டோர் இங்குக் கூடினர். தூத்துக்குடிக் கரையில் 1961 ஆம் ஆண்டுக்குப் பின்னர் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

முகாம் தங்குமிடமாக மட்டும் இருக்கவில்லை. கடலிலிருந்து வந்த சிப்பிகள் அனைத்தையும் ஒரே இடத்தில், அதே நாளில் எண்ணிப் பங்கிடுவதே அதன் முதன்மையான நோக்கம். அரசின் வருவாயும் குளியாளியின் கூலியும் அந்தப் பங்கீட்டையே சார்ந்திருந்தன. எனவே முகாமின் ஒவ்வொரு நாளும் ஓர் ஒழுங்கின்படி நடந்தது.

வரலாற்றுப் பின்னணி

பாண்டிய நாட்டின் முத்துத் துறையாகக் கொற்கை பண்டைக்காலத்தில் புகழ்பெற்றிருந்தது. கொற்கை முத்தைச் சங்க இலக்கியம் பேசுகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரேயக் கடல் வழிகாட்டி நூல், அங்குத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளித்ததாகக் கூறுகிறது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, வணிகர்கள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுத்ததாக எழுதியுள்ளார்.

தாமிரபரணியின் வண்டல் படிந்து கொற்கை கடலிலிருந்து விலகியபின் காயலும், அதன்பின் தூத்துக்குடியும் முதன்மை பெற்றன. 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசரும், 1658 முதல் ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும் முத்துக்குளிப்பைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். குளியாளிகளில் பெரும்பாலோர் பரதவர். கீழக்கரை போன்ற ஊர்களின் முசுலிம் குளியாளிகளும் பங்குபற்றினர். பரதவரின் சாதித்தலைவருக்குச் சில படகுகளின் விளைவைப் பெறும் உரிமை நெடுங்காலம் இருந்தது.

முகாமின் ஒழுங்குமுறை பற்றிய விவரங்களை எட்கர் தர்ஸ்டன் 1890 ஆம் ஆண்டிலும், ஜேம்ஸ் ஹார்னெல் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதிவைத்துள்ளனர். இரு கரைகளிலும் இம்முறை பெரிதும் ஒத்திருந்தது.

முகாம் அமைத்தல்

முத்துச்சிப்பிகள் கடலடியில் பாறைகள் நிறைந்த திட்டுகளில் ஒட்டி வாழ்கின்றன. இத்திட்டுகள் பார் எனப்படும். பார்களை அலுவலர்கள் முன்கூட்டியே ஆய்வு செய்தனர். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துகளை வணிகர்களைக் கொண்டு மதிப்பிட்டனர். மதிப்பு போதுமானதாக இருந்தால் மட்டுமே முத்துக்குளிப்பு நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. பெரும்பாலும் கடல் அமைதியாக இருக்கும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்கள் இதற்குரிய காலமாகும்.

அறிவிப்பு வெளியானதும் வெறும் மணல்வெளியில் பனையோலையாலும் மூங்கிலாலும் தெருத்தெருவாகக் குடிசைகள் எழுந்தன. கண்காணிப்பாளரின் அலுவலகம், காவல் நிலையம், மருத்துவமனை, கடைத்தெரு ஆகியவையும் ஓலைக்கொட்டகைகளே. சிப்பிகளை எண்ணுவதற்கெனக் கொட்டு எனப்பட்ட பெரிய வேலியடைப்பு ஒன்று கட்டப்பட்டது. முகாமின் மையம் இதுவே.

ஒரு நாளின் நடைமுறை

முகாமின் நாள் நள்ளிரவை ஒட்டித் தொடங்கியது. தரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று எழுந்ததும் படகுகள் பாய் விரித்துப் புறப்பட்டன. ஒவ்வொரு படகையும் தண்டல் ஒருவர் நடத்தினார். குளியாளிகளும், அவர்களுக்குக் கயிறு பிடிப்போரும், நீர் இறைப்பவரும் அதில் சென்றனர். விடியும் வேளையில் படகுகள் பாரை அடைந்தன.

காவற்கப்பலிலிருந்து அடையாளம் காட்டப்பட்ட பிறகே குளிக்கத் தொடங்கலாம். இரண்டு குளியாளிகளுக்கு ஒரு குளிகல் என்ற கணக்கில், ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறினார். குளியாளி கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றி, கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடிக்குச் சென்றார். ஏறத்தாழ 9 முதல் 18 மீட்டர் ஆழத்தில், ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவான நேரத்தில், கைக்கு எட்டிய சிப்பிகளைக் கயிற்று வலைக்கூடையில் சேர்த்தார். கயிற்றை அசைத்ததும் மேலிருந்தவர் அவரைத் தூக்கினார். கயிறு பிடிப்பவரின் கவனத்திலேயே குளியாளியின் உயிர் இருந்தது. ஆகவே குளியாளிகள் பெரும்பாலும் உறவினரையே இப்பணிக்கு அமர்த்திக்கொண்டனர்.

சுறாக்களுக்கு எதிராக மந்திரம் ஓதும் கடற்கட்டிகள் முகாமில் இருந்தனர். இவர்கள் இன்றிக் குளியாளிகள் கடலில் இறங்கத் தயங்கியதால், ஆங்கிலேய அலுவலர்களும் சலாபங்களில் இவர்களை நெடுங்காலம் வைத்திருந்தனர்.

நண்பகலில் பீரங்கி வெடித்ததும் குளிப்பு நின்றது. கடலிலிருந்து தரைநோக்கி வீசும் காற்றைப் பயன்படுத்திப் படகுகள் கரை திரும்பின. வழியில் சிப்பிகளைத் திறந்து முத்தெடுத்துவிடாதபடி காவலர் கண்காணித்தனர். காற்று பொய்த்த நாள்களில் படகுகள் இரவில்தான் வந்து சேர்ந்தன.

பங்கீடும் ஏலமும்

கரையை அடைந்த படகினர் சிப்பிகளை நேராகக் கொட்டுக்குச் சுமந்து சென்றனர். அங்கு ஒவ்வொரு படகின் சிப்பிகளும் மூன்று சம குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. எந்தக் குவியல் படகினருக்கு உரியது என்பதை அலுவலர் பின்னரே சுட்டிக்காட்டினார். பிரித்தவர்களுக்குத் தம் குவியல் எது என்று முன்கூட்டித் தெரியாததால் மூன்றும் சமமாக அமைந்தன. எஞ்சிய இரண்டு குவியல்களும் அரசுக்கு உரியவை.

அரசின் பங்கு எண்ணப்பட்டு, ஆயிரம் சிப்பிகளுக்கு இவ்வளவு என்ற கணக்கில் மாலையில் ஏலம் விடப்பட்டது. குளியாளிகள் தம் பங்கைக் கொட்டின் வாயிலிலேயே சில்லறையாக விற்றனர். சிறு தொகை கொடுத்துச் சில சிப்பிகளை வாங்கித் திறந்து பார்ப்பது முகாமில் பலருக்கும் ஒரு வகைச் சூதாட்டமாக இருந்தது. உயிரைப் பணயம் வைத்து எடுத்த சிப்பியுள் என்ன இருந்தது என்பதைப் பெரும்பாலும் குளியாளி அறியவில்லை. நல்ல முத்தின் ஆதாயம் வாங்கியவருக்கே சென்றது.

வணிகர்கள் சிப்பிகளைச் சில நாள்கள் அழுகவிட்டு, கடல்நீரில் அலசி முத்துகளைப் பிரித்தனர். துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து அளவு பிரித்தபின், வடிவத்தையும் ஒளியையும் கொண்டு தரம் கண்டனர். முதல்தரமானது ஆணிமுத்து, மிகச் சிறியது தூள்.

முகாமைப் பேணியோர்

பல்லாயிரம் பேர் கூடும் இடத்தில் குடிநீரும் துப்புரவுமே பெரும் சிக்கலாக இருந்தன. அழுகும் சிப்பிகளின் நாற்றமும் ஈக்களும் முகாம் முழுவதும் பரவின. வாந்திபேதி தோன்றினால் மக்கள் முகாமை விட்டு ஓடினர். முத்துக்குளிப்பையே நிறுத்த நேர்ந்தது. இதனால் நீர் சுமப்போர், துப்புரவுப் பணியாளர், மருத்துவர் ஆகியோரின் உழைப்பு குளியாளியின் உழைப்பிற்குக் குறையாத இன்றியமையாமை உடையதாயிற்று. எனினும் சலாபக் கணக்குகளில் சிப்பிகளின் எண்ணிக்கையும் ஏலத்தொகையுமே முதலிடம் பெற்றன.

எழுத்தாளர் லெனார்டு வுல்ஃப் 1906 ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டி முகாமில் கொட்டு அலுவலராகப் பணியாற்றினார். மிகச் சில அலுவலர்களைக் கொண்டு பெருந்திரளான மக்களிடையே ஒழுங்கைப் பேணியதைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

முடிவு

முத்துச்சிப்பிகள் எல்லா ஆண்டுகளிலும் விளைவதில்லை. நீரோட்டம், மணல் மூடுதல், சிப்பியை உண்ணும் மீன்கள் போன்ற காரணங்களால் முழுப் பாரும் அழிந்துவிடுவது உண்டு. 1905 ஆம் ஆண்டு இலங்கைக் கரையில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டு அப்பார்கள் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. விரைவில் சிப்பிகள் அற்றுப்போகவே அந்நிறுவனம் குத்தகைக் காலம் முடியும் முன்பே கலைந்தது.

தூத்துக்குடியில் 1926 முதல் 1928 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் 27 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடைபெற்றது. அதுவே இக்கரையின் கடைசி முத்துக்குளிப்பாகும்.

பிற்கால நிலை

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1973 ஆம் ஆண்டு தூத்துக்குடிப் பகுதியில் வளர்ப்பு முத்தை உருவாக்குவதில் வெற்றி கண்டது. 1981 ஆம் ஆண்டு சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கும் முறையும் கண்டறியப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடற்பகுதியையும் உள்ளடக்கி 1986 ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. முத்துக்குளித்த மரபினருள் ஒரு பகுதியினர் இன்றும் இக்கடலில் சங்கு குளிக்கின்றனர். ஓலையாலும் மூங்கிலாலும் கட்டப்பட்ட முகாம்கள் நிலைத்து நிற்கவில்லை. சிலாவத்துறை போன்ற ஊர்ப்பெயர்களில் சலாபத்தின் நினைவு எஞ்சியுள்ளது.

இவற்றையும் பார்க்க

கொற்கை
தூத்துக்குடி
பரதவர்
மன்னார் வளைகுடா
சங்கு குளித்தல்