பழைய பாஸ்வேர்டையே மெயில்ல அனுப்புதா வெப்சைட்? உஷார்!

பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்துறீங்க. அடுத்த நிமிஷமே நீங்கள் வைத்திருந்த அதே பாஸ்வேர்டு மெயிலில் வந்து நிற்கிறது. 'சூப்பர் சர்வீஸ்'னு சந்தோஷப்படாதீங்க. அந்தத் தளத்தை யாராவது ஹேக் செய்தால், அவர்களுக்கும் அது அதே சுலபத்தில் கிடைத்துவிடலாம்!

அப்போ எப்படி வைக்கணும்?

நல்ல வெப்சைட்டின் சர்வரில் உங்கள் பாஸ்வேர்டே இருக்காது. அரிசியை மாவாக்கலாம், மாவை மறுபடி அரிசியாக்க முடியாது இல்லையா? அப்படி பாஸ்வேர்டை அரைத்து, மாவை மட்டும் சேமிப்பதுதான் 'ஹாஷிங்'. நீங்கள் லாகின் செய்யும்போது, டைப் செய்ததை மறுபடி அரைத்து, இருக்கிற மாவோடு ஒப்பிடும். அவ்வளவுதான்.

ஆனால், '123456' என்று பத்துப் பேர் வைத்தால் பத்துப் பேருக்கும் ஒரே மாவு வருமே? அதற்காக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சில எழுத்துகளைக் கலந்து அரைப்பார்கள். அதற்குப் பெயரே 'சால்ட்', அதாவது உப்பு! கோடிக்கணக்கில் யூகித்துப் பார்ப்பவர்களைத் தாமதப்படுத்த, வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் பி-கிரிப்ட், ஆர்கான்2 போன்ற முறைகளும் உண்டு.

அலட்சியத்தின் விலை

2009-ல் ராக்யூ நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன. எதையுமே அரைக்கவில்லை, அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். 2012-ல் லிங்க்ட்இன்னிலிருந்து சுமார் 65 லட்சம் ஹாஷ்கள் வெளியாகின. அரைத்திருந்தார்கள், ஆனால் உப்பு போடவில்லை. பெரும்பாலானவை சீக்கிரமே உடைக்கப்பட்டன.

மறந்துபோனால்?

பழைய பாஸ்வேர்டைத் தரக் கூடாது. புதிது வைக்க ஒரு லிங்க் தர வேண்டும். அது ஒரே முறைதான் வேலை செய்யணும், கொஞ்ச நேரத்தில் காலாவதியாகணும். 'பிறந்த தேதி என்ன?' மாதிரி கேள்விகளை மட்டும் நம்பினால் ஆபத்து. 2008-ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பாலினின் யாகூ மெயிலுக்குள் ஒருவர் நுழைந்தது இப்படித்தான். பதில்களை இணையத்திலேயே தேடி எடுத்துவிட்டார்!

நீங்க என்ன செய்யணும்?

பழைய பாஸ்வேர்டை அனுப்பும் தளத்தில் கணக்கு தேவையில்லை என்றால் மூடிவிடுங்கள். அதே பாஸ்வேர்டு வேறெங்கே இருந்தாலும், முக்கியமாக ஜிமெயிலில், உடனே மாற்றுங்கள். ஏனென்றால், மற்ற எல்லாக் கணக்குகளின் ரீசெட் லிங்க்கும் வந்து சேர்வது அங்கேதான். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பாஸ்வேர்டு. ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு பாஸ்வேர்டு மேனேஜர். கூடவே, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் ஆன் பண்ணிடுங்க!