புத்தகத்தின் கடைசியில் இருக்கும் 'இன்டெக்ஸ்' எப்படி உருவாகுது? கம்ப்யூட்டர் தேடல் இருந்தும் ஏன் தேவை?

மதுரை வரலாறு பற்றி 500 பக்கத்தில் ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். அதில் உங்க ஊர் மேலூர் எந்தெந்தப் பக்கத்தில் வருது? முன்னாடி இருக்கும் பொருளடக்கம் அத்தியாயத் தலைப்போடு நின்றுவிடும். கடைசிப் பக்கங்களில் அகர வரிசையில் பெயர்களும் பக்க எண்களுமாக ஒரு பட்டியல் இருந்தால்தான் பதில் கிடைக்கும். அதுதான் இன்டெக்ஸ். தமிழில் சொல்லடைவு, பொருளடைவு என்பார்கள்.

பிடிஎஃப்-ல தேடினா போதாதா?

போதாது. தேடல் பெட்டியில் 'மேலூர்' என்று டைப் செய்தால் 'மேலூரில்', 'மேலூருக்கு' எதுவும் சிக்காது. கடைசியில் இருந்த 'ர்', உருபு சேர்ந்ததும் 'ரி', 'ரு' என்று மாறிவிடுகிறது. அதேபோல 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்' வராது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆட்களின் பெயர். திருமலை நாயக்கரை நூலாசிரியர் ஓரிடத்தில் 'திருமலை மன்னர்' என்பார், இன்னோரிடத்தில் வெறுமனே 'நாயக்கர்' என்பார். நாலு பக்கம் தள்ளி அதே 'நாயக்கர்' விசுவநாத நாயக்கரைக் குறிக்கலாம். யார் யார் என்று படித்துப் புரிந்து பிரிக்க ஒரு ஆள் உட்கார்ந்தே ஆகணும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

'காந்தி காலத்தில்' என்று போகிற போக்கில் வரும் வரிக்குப் பக்க எண் தர வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டுபவருக்கு காந்தி பற்றி ஏதாவது கிடைக்கணும், அதுதான் கணக்கு. 'வைகை' என்று போட்டு 40 எண்களை வரிசையாக அடுக்கினாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். 'வைகை: அணை', 'வைகை: வெள்ளம்' என்று உட்தலைப்பாகப் பிரிக்க வேண்டும்.

அகர வரிசையையும் கம்ப்யூட்டரை நம்பி விட முடியாது. யூனிகோடில் 'ழ' முன்னால், 'வ' பின்னால். அந்த எண் வரிசைப்படி அடுக்கினால் அழகர்கோவில் முதலில் வந்துவிடும். தமிழ் அகராதி முறையில் அவனியாபுரம்தான் முதலில்.

இந்த வேலை தமிழுக்குப் புதுசு இல்லை. உ.வே.சாமிநாதையர் பதிப்புகளின் கடைசியில் அரும்பத அகராதியைப் பார்க்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கு என்றே 1967 முதல் 1970 வரை 3 தொகுதிகள் வெளியிட்டது.

கடைசி நேர டென்ஷன்

வேர்டு, இன்டிசைன் போன்ற மென்பொருள்களில் சொல்லைக் குறித்து வைத்தால் பக்க எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். கையால் எழுதுவதாக இருந்தால் லேஅவுட் முடிந்த பிறகே தொடங்க முடியும். 60-ஆம் பக்கத்தில் திடீரென ஒரு முழுப்பக்கப் போட்டோ சேர்த்தால் அதற்குப் பிறகு வரும் எல்லா எண்ணும் தப்பு. அச்சகத்துக்கு அனுப்பும் தேதி நெருங்கும்போது 'இன்டெக்ஸ் வேண்டாம், விட்டுடலாம்' என்று முடிவெடுப்பது ரொம்ப சுலபம். மேலூர்க்காரர் 500 பக்கத்தையும் புரட்ட வேண்டியதுதான்.